பேட்ரிக் பிரவுன்: பிரச்சாரத்தை நம்பாத இறைச்சி எதிர்ப்பாளர்

புத்தகப்பூச்சி:

தாவர இறைச்சி பற்றிய பழைய இழையில் பாதிப் பேர், செடியிலிருந்து கறி போன்ற பர்கர் செய்யும் இம்பாசிபிள் ஃபுட்ஸ் கம்பெனி என்பது சிலிக்கான் வேலிப் பையன்கள் முதலீட்டாளர் காசில் ஆரம்பித்த விளையாட்டு என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். 2011இல் அதைத் தொடங்கியபோது பேட்ரிக் பிரவுனுக்கு வயது 56. ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர், ஹோவர்ட் ஹ்யூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர், அமெரிக்க தேசிய அறிவியல் கழக உறுப்பினர். ஓய்வுக்காலம் வரை கவலையில்லாமல் ஓட்டியிருக்கலாம். அப்படிப்பட்டவர் ஏன் கறிக்கடைக்கு எதிர்க்கடை போட்டார்? அதற்கு முன்பு அவர் செய்த இரண்டு வேலைகளைப் பார்த்தால்தான் இது புரியும். அதனால்தான் தனி இழை.

பிறந்தது 1954. படிப்பு முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத்தில்: வேதியியலில் இளங்கலை, உயிர்வேதியியலில் முனைவர் பட்டம், அதற்கு மேல் எம்.டி. குழந்தை மருத்துவத்தில் பயிற்சி முடித்துவிட்டு, சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப், ஹெரால்ட் வார்மஸ் ஆகியோரின் ஆய்வகத்துக்குப் போனார். அந்த இருவரும்தான் 1989இல் மருத்துவ நோபல் வாங்கியவர்கள். எச்.ஐ.வி. போன்ற வைரஸ் தன் மரபணுவை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் எப்படிச் செருகிக்கொள்கிறது என்பது பிரவுனின் ஆராய்ச்சி. 1988இல் ஸ்டான்ஃபோர்ட் வந்தார்.

முதல் வேலை, டி.என்.ஏ. மைக்ரோஅரே. கண்ணாடிச் சில்லில் மரபணுத் துண்டுகளைப் புள்ளி புள்ளியாக வைத்து, ஒரு செல்லில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரே நேரத்தில் பார்க்கும் முறை. 1995இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையில் இருந்தவை வெறும் 45 மரபணுக்கள். இரண்டே வருடத்தில் ஜோசப் டெரிசி, விஸ்வநாத் ஐயர் ஆகியோருடன் சேர்ந்து ஈஸ்ட்டின் ஏறக்குறைய 6,000 மரபணுக்களையும் ஒரே சில்லில் பார்த்துவிட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. கம்பெனிகள் விற்ற சில்லுகள் பல ஆய்வகங்களுக்குக் கட்டுப்படியாகாத விலை. பிரவுனின் ஆய்வகமோ, புள்ளி வைக்கும் இயந்திரத்தை நீங்களே கட்டிக்கொள்வது எப்படி என்ற முழு வழிகாட்டியையும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது.

இரண்டாவது வேலை, பிளாஸ்: யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய ஆய்விதழ்களை வெளியிடும் அமைப்பு. 1998 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து, அப்போது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் தலைவராக இருந்த வார்மஸிடம் பிரவுன் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியை அந்த மக்களே படிக்க முடியாமல் பதிப்பகங்கள் பூட்டி வைத்திருக்கின்றன, இணையம் வந்த பிறகும் இது எதற்கு என்று. அந்தப் பேச்சிலிருந்து வார்மஸின் ஈ-பயோமெட் திட்டமும், அதிலிருந்து பப்மெட் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியமும் வந்தன. பதிப்பகங்கள் கட்டுரைகளைத் தர மறுத்தன. பிரவுன், வார்மஸ், உயிரியலாளர் மைக்கேல் ஐசன் மூவரும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்: ஆறு மாதத்துக்குள் கட்டுரைகளைத் திறந்துவிடாத இதழ்களுக்கு 2001 செப்டம்பரிலிருந்து நாங்கள் எழுத மாட்டோம், சந்தா கட்ட மாட்டோம் என்று. 180 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 34,000 விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

செப்டம்பர் வந்தது. பதிப்பகங்கள் பெரும்பாலும் அசையவில்லை. கையெழுத்துப் போட்டவர்களும் வழக்கம்போல அதே இதழ்களுக்கே கட்டுரை அனுப்பினார்கள். வேலை உயர்வுக்கு அந்த இதழ்கள்தானே வேண்டும்!

அங்கேதான் இந்த மனிதர் மாறினார் என்பது என் கணிப்பு. கையெழுத்து, உறுதிமொழி, மனசாட்சி எதுவும் ஒருவருடைய பழக்கத்தை மாற்றாது. அவர்கள் விரும்பும் பொருளையே வேறு வழியில் செய்து பக்கத்துக் கடையில் வைக்க வேண்டும். மூர் அறக்கட்டளை கொடுத்த 90 லட்சம் டாலரில் சொந்தமாக இதழ் ஆரம்பித்தார்கள். 2003 அக்டோபரில் பிளாஸ் பயாலஜி வந்தது. 2006இல் பிளாஸ் ஒன்.

2009இல் நீண்ட ஆய்வு விடுப்பு எடுத்து, அடுத்து எந்தப் பிரச்சினையில் கை வைத்தால் உலகத்துக்கு அதிகப் பலன் என்று உட்கார்ந்து யோசித்தவர், கால்நடை வளர்ப்பில் வந்து நின்றார். நிலம், தண்ணீர், மீத்தேன், அழியும் காடு எல்லாம் அதில் வந்து முடிகின்றன என்பது அவர் வாதம். முதலில் பேராசிரியர்கள் செய்வதையே செய்தார்: 2010இல் வாஷிங்டனில் ஒரு மாநாடு. பெரிய பலன் ஒன்றும் இல்லை. கோஸ்லா வென்ச்சர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 90 லட்சம் டாலர் கொடுத்தது (அதே தொகை!). கம்பெனி பிறந்தது. 2035க்குள் உணவுக்காக விலங்கு வளர்க்கும் தேவையே இல்லாமல் செய்வது இலக்கு.

பிரவுன் பல பத்தாண்டுகளாக சைவம், பிறகு பாலும் முட்டையும் கூட இல்லாத நனிசைவம். ஆனால் யாரையும் கறியை விடச் சொல்லிக் கேட்டதில்லை. அவர் குறி வைத்தது கறி தின்கிறவர்களை மட்டும்தான்.

மேற்கொண்டு தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

லேப்கோட்:

நல்ல தொடக்கம் அண்ணே. மைக்ரோஅரே பற்றி ஒன்று சேர்க்கிறேன். இன்றைய மாணவர்களுக்கு அதன் பெயர்கூடச் சரியாகத் தெரியாது, ஆர்.என்.ஏ. வரிசையாக்கம் வந்து அதை ஓரம் கட்டிவிட்டது. ஆனால் 2000ஆம் ஆண்டு வாக்கில் அது செய்த காரியம் சாதாரணமில்லை. நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரிந்த ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் உண்மையில் இரண்டு நோய்கள், பிழைக்கும் வாய்ப்பும் இரண்டிலும் வேறு என்று காட்டியது அந்தச் சில்லுகள்தான். மார்பகப் புற்றுநோயை மூலக்கூறு வகைகளாகப் பிரித்ததும் அதே வருடம். இரண்டு கட்டுரையிலும் பிரவுன் பெயர் உண்டு.

பிளாஸ் விஷயத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசகருக்கு இலவசம், சரி. செலவு எழுதுகிறவர் தலையில். கட்டுரைக் கட்டணத்தைக் கேட்டாலே நம்மூர்ப் பல்கலைக்கழக ஆட்களுக்குத் தலை சுற்றும். கட்டண விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றாலும், கை ஏந்தும் நிலைதான். அப்புறம், பெரிய பதிப்பகங்களும் அதே முறையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொழுத்தன.

கடலைக்காடு:

எல்லாரும் 'ரத்தம் கசியும் செடி பர்கர்' என்கிறார்கள், உள்ளே என்ன என்று யாரும் சொல்லவில்லை. நான் வேளாண் கல்லூரியில் படித்தவன், இது எங்கள் பக்கத்து விஷயம். அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

கடலை, உளுந்து, சோயா எதையாவது நல்ல வளர்ச்சியில் இருக்கும்போது வேரோடு பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். முடிச்சு வேலை செய்கிறதா என்று வயலில் பார்க்கிற முறையே அதுதான். சிவப்பு இருந்தால் தழைச்சத்து பிடிக்கிறது, பச்சையோ சாம்பலோ ஆகிவிட்டால் இல்லை. அந்தச் சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பட்டால் கெட்டுவிடும். ஆனால் முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா உயிர் வாழ ஆக்சிஜன் வேண்டும். இந்தப் புரதம் ஆக்சிஜனைத் தன்னிடம் பிடித்து வைத்து, அளந்து அளந்து கொடுக்கிறது. நம் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தசையில் மயோகுளோபினும் செய்கிற வேலைக்கு நெருங்கிய சொந்தம். மூன்றிலும் நடுவில் இருப்பது இரும்பு பொதிந்த ஹீம்.

கறிக்குக் கறி வாசனை வர முக்கியக் காரணம் இந்த ஹீம்தான் என்பது பிரவுனின் ஊகம். மாட்டிறைச்சியில் ஹீம் அதிகம், கோழி நெஞ்சுக்கறியில் குறைவு. சுவை வித்தியாசத்தையும் அதோடு வைத்துப் பாருங்கள். சூடேறும்போது ஹீம் புரதப் பிடியிலிருந்து அவிழ்ந்து, கூட இருக்கும் சர்க்கரை, அமினோ அமிலம், வைட்டமின் இவற்றுக்கிடையே வேதிவினையைத் தூண்டிவிடுகிறது. நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்கள் அதில் உண்டாகின்றன. பச்சையாக இருக்கும்போது சிவப்பு, வெந்ததும் பழுப்பு என்பதும் அதே ஹீமின் வேலை.

ஆரம்பத்தில் மனுஷன் க்ளோவர் செடியைப் பிடுங்கி அதன் வேர்முடிச்சைத்தான் அறுத்துப் பார்த்திருக்கிறார். ஆனால் வயல் வயலாக வேரைத் தோண்டி பர்கர் செய்ய முடியாது, மண்ணும் கெடும். அதனால் சோயாவின் அந்த மரபணுவை எடுத்து, பிக்கியா பாஸ்டோரிஸ் என்ற ஈஸ்ட்டில் வைத்து, தொட்டியில் நொதிக்க வைத்து எடுக்கிறார்கள். மற்றதெல்லாம் சாதாரணச் சாமான்கள். முதலில் கோதுமைப் புரதம், உருளைக்கிழங்குப் புரதம், தேங்காய் எண்ணெய். 2019 ஜனவரியில் கோதுமையை எடுத்துவிட்டுச் சோயாப் புரதம்.

பச்சையிலை:

எல்லாம் சரி. பிறந்ததிலிருந்து சைவமான எனக்கு ரத்தவாசனை பர்கர் எதற்கு? மீல்மேக்கர் இருக்கிறது, காளான் இருக்கிறது, பலாக்காய் இருக்கிறது. வாழைக்காயை மீன் மசாலா தடவி வறுத்தால் எங்கள் வீட்டில் தட்டு காலி.

புத்தகப்பூச்சி:

அக்கா, அது உங்களுக்கு இல்லை. நீங்கள் அதை வாங்கினாலும் அவர் கணக்கில் அது லாபமே இல்லை, ஏற்கெனவே மாடு சாப்பிடாதவர் ஒரு பர்கர் தின்றால் ஒரு மாடும் மிச்சமாகாது. சூப்பர் மார்க்கெட்டில் சைவ அலமாரியில் வைக்காதே, கறி அலமாரியில் வை என்று அந்தக் கம்பெனி மல்லுக்கட்டியதற்குக் காரணம் இதுதான்.

பே_ஏரியா_தமிழன்:

இங்கே அமெரிக்காவில் அந்த பர்கர் முதலில் வந்தது 2016 ஜூலையில், நியூயார்க்கில் டேவிட் சாங் நடத்திய மோமோஃபுகு நிஷி உணவகத்தில். காய்கறி உணவுக்குப் பெயர்போன கடையாகப் பார்க்காமல், பன்றிக்கறிக்குப் பெயர் வாங்கிய சமையல்காரரைப் பிடித்தார்கள் பாருங்கள், அதுவும் கணக்குப் போட்டுச் செய்ததுதான். அடுத்து 2018இல் வொய்ட் காஸில் பர்கர் கடைகள். 2019 ஏப்ரல் 1 அன்று செயின்ட் லூயிஸில் பர்கர் கிங்கின் இம்பாசிபிள் வாப்பர் சோதனை. முட்டாள்கள் தினம் என்பதால் பலர் நம்பவேயில்லை. ஆகஸ்டில் நாடு முழுக்க.

சாப்பிட்டிருக்கிறேன், பலமுறை. வாப்பர் மாதிரி சாஸ், வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி எல்லாம் அடைத்ததில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டில் வாங்கி வெறும் உப்பு மிளகு போட்டுச் சுட்டால் தெரியும், கடிக்கும்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கும். கீமா மாதிரி மசாலா போட்டுப் பட்டாணியோடு சமைத்தால் வந்த விருந்தாளிக்கே தெரியவில்லை. ஆனால் விலை! 2019 செப்டம்பரில் கடைக்கு வந்தபோது 12 அவுன்ஸ் பாக்கெட் 8.99 டாலர். சாதாரண மாட்டுக் கீமா அதில் பாதிகூட இல்லை. பிறகு குறைத்தார்கள், இருந்தாலும் கீமாவைத் தொடவில்லை.

சந்தேகப்பேர்வழி:

எலி விஷயத்தை ஏன் எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள்? விலங்கைக் காப்பாற்ற வந்தவர் விலங்கைக் கொன்றுதானே அனுமதி வாங்கினார்?

லேப்கோட்:

தாண்டவில்லை சகோ, வரிசையாகச் சொன்னால்தான் நியாயமாக இருக்கும்.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு கம்பெனி தானே நிபுணர்களை வைத்து 'இது பொதுவாகப் பாதுகாப்பானது' என்று முடிவு செய்து விற்கலாம், எஃப்.டி.ஏ.விடம் (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. இம்பாசிபிள் 2014இல் அப்படித்தான் செய்தது. பிறகு தானாகவே எஃப்.டி.ஏ.விடம் போய்க் கேட்டது. 2015இல் எஃப்.டி.ஏ. சொன்னது: சோயாவை மனிதர் சாப்பிடுகிறார்கள், சோயா வேரை யாரும் சாப்பிட்டதில்லை, நீங்கள் கொடுத்த தகவல் போதாது. அதன் பிறகுதான் எலிகளுக்கு அந்தப் புரதத்தை 28 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு. உண்ணும் அளவைவிடப் பல மடங்கு கொடுத்தும் கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஆய்வின் முடிவில் எலிகளைக் கொல்வது வழக்கம், கொன்றார்கள். விலங்குரிமை அமைப்பான பீட்டா சொன்ன கணக்கு 188 எலிகள். 2017 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் எஃப்.டி.ஏ. ஆவணங்கள் பற்றிச் செய்தி வந்ததும் இரண்டு பக்கமும் அடி: இயற்கை உணவு அமைப்புகள் 'பரிசோதிக்காமல் விற்றாய்' என்றன, பீட்டா 'ஏன் பரிசோதித்தாய்' என்றது.

பிரவுன் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். விருப்பமில்லாமல் எடுத்த முடிவு, ஆனால் இதைச் செய்யாவிட்டால் காப்பாற்ற நினைக்கும் கோடிக்கணக்கான விலங்குகளுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் சாரம். 2018 ஜூலையில் எஃப்.டி.ஏ. 'மேற்கொண்டு கேள்வி இல்லை' என்றது. பச்சையாகக் கடையில் விற்க, சிவப்பு நிறத்துக்காக நிறமூட்டி அனுமதி தனியாக வேண்டியிருந்தது, அது 2019இல் வந்தது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கும் 2021இல் தள்ளுபடி.

சந்தேகப்பேர்வழி:

2014இலிருந்து 2018 வரை எஃப்.டி.ஏ. சரி என்று சொல்லாத பொருளை 2016இலேயே தட்டில் வைத்துவிட்டார். சட்டப்படி சரி என்கிறீர்கள். ஒரு டாக்டர் செய்கிற வேலையா அது? எலி பற்றி உருகிக் கடிதம் எழுதியதைவிட இதற்குத்தான் அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

(ஜல்லிக்கட்டு நேரத்தில் திட்டிய அதே பீட்டாவுக்கு நான் வக்காலத்து வாங்குவேன் என்று நினைத்ததே இல்லை. காலம்.)

தெம்பனிஸ்_வாசி:

சிங்கப்பூரில் 2019 மார்ச்சிலிருந்தே கிடைக்கிறது. அதற்கு முந்தைய வருடம் ஹாங்காங். ஆசியாவில்தான் கறித் தேவை கூடுகிறது என்பதால் இங்கே கண் வைத்தார்கள். இங்கே யாரும் இதைப் பெரிய புரட்சியாகப் பார்க்கவில்லை, தெரியுமா? புத்த மதச் சைவக் கடைகளில் கோதுமைப் புரதத்தில் செய்த 'வாத்து', காளான் தண்டில் செய்த 'ஆடு' எல்லாம் பல காலமாக இருக்கிறது. எங்கள் ஆபீஸ் சீன நண்பர் இம்பாசிபிளைத் தின்றுவிட்டு, எங்கள் பாட்டி செய்கிற போலி வாத்தே மேல் என்றார்.

செல்லிலிருந்து வளர்க்கும் கோழிக்கு உலகில் முதல் அனுமதி கொடுத்ததும் சிங்கப்பூர்தான், 2020 டிசம்பர். அந்தப் பக்கம் பேசினால் உமா வலெத்தியைச் சொல்ல வேண்டும். விஜயவாடாக்காரர், புதுச்சேரி ஜிப்மரில் எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்காவில் இதயநோய் நிபுணரானவர். இதயத்தசையைச் செல் கொண்டு சரிசெய்யும் யோசனையிலிருந்து கறி வளர்க்கும் யோசனைக்குப் போனவர். இன்று அப்சைட் ஃபுட்ஸ் என்று பெயர்.

நெறியாளர்:

வளர்ப்பு இறைச்சிக்குத் தனி இழை தொடங்கலாம். வலெத்தி பற்றி எழுத நிறைய இருக்கிறது. இங்கே பிரவுனோடு நிற்போம்.

பச்சையிலை:

உடம்புக்கு நல்லதா என்று ஒருவரும் சொல்லவில்லையே.

பே_ஏரியா_தமிழன்:

2019 பாக்கெட்டின் பின்பக்கம் சொல்வது இது. 4 அவுன்ஸுக்குப் புரதம் 19 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 8 கிராம், சோடியம் 370 மில்லிகிராம், கொலஸ்ட்ரால் இல்லை. அதே எடை 80/20 (அதாவது 20 சதவீதம் கொழுப்புள்ள) மாட்டுக் கீமாவில் புரதம் கிட்டத்தட்ட அதே அளவு, நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 9 கிராம், சோடியம் 75 பக்கம். ஆக, தேங்காய் எண்ணெயால் கொழுப்பு பெரிதாகக் குறையவில்லை, உப்பு கூடியிருக்கிறது (கீமாவுக்கும் சமைக்கும்போது உப்புப் போடத்தானே போகிறோம், அதையும் சொல்ல வேண்டும்). பி12 சேர்த்திருக்கிறார்கள். தினமும் தின்கிற பண்டம் இல்லை, மாட்டு பர்கரும் இல்லைதானே.

கறித் தொழில் பக்கத்து ஆட்கள் பிடித்தது வேறு நூல். 2020 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) நேரத்தில் ஒரு விளம்பரம். எழுத்துக்கூட்டும் போட்டி, ஒரு சிறுமியிடம் 'மெத்தில்செல்லுலோஸ்' (செடி பர்கர் உதிராமல் பிடிக்கச் சேர்க்கும் பொருள்) என்று எழுத்துக்கூட்டச் சொல்கிறார்கள், அவள் விழிக்கிறாள். பேர் சொல்ல முடியாததைத் தின்னாதே என்பது சேதி. இம்பாசிபிளும் விடவில்லை. அதே போட்டி, அதே மாதிரிச் சிறுமி, ஆனால் சொல் 'மலம்'. மாட்டுக் கீமாவில் மலக் கிருமி இருக்கும் என்று பதிலடி. சிரித்தேன், ஆனால் அந்தச் சண்டையில் ஜெயித்தது முதல் விளம்பரம்தான். 'மிகையாகப் பதப்படுத்தியது' என்ற முத்திரை ஒட்டிக்கொண்டது, இன்றுவரை உரியவில்லை.

சந்தைக்கணக்கு:

காசுப் பக்கம் நான் பார்க்கிறேன். இம்பாசிபிள் இன்னும் பங்குச் சந்தைக்கு வரவில்லை, அதனால் போட்டியாளர் பியாண்ட் மீட்டை வைத்துத்தான் சூடு பார்க்க முடியும். 2019 மே மாதம் 25 டாலருக்கு வெளியீடு, முதல் நாளே 65 டாலரைத் தாண்டி முடிந்தது. ஜூலையில் 230ஐத் தாண்டியது. 2025 அக்டோபரில் ஒரு டாலருக்குக் கீழே. மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் மெக்பிளான்ட் என்ற செடி பர்கரைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஓசையில்லாமல் கைவிட்டது. இம்பாசிபிள் வெளியிலிருந்து திரட்டியது கிட்டத்தட்ட 200 கோடி டாலர். அங்கும் ஆட்குறைப்பு நடந்தது. 2022இல் சோபானி தயிர்க் கம்பெனியிலிருந்து பீட்டர் மெக்கின்னஸ் தலைமைச் செயல் அதிகாரியாக வந்தார், பிரவுன் 'தலைமைத் தொலைநோக்கு அதிகாரி' ஆனார். இந்த மாதிரிப் பதவிகளுக்கு என்ன அர்த்தம் என்று கார்ப்பரேட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

என் பார்வையில் கோளாறு சுவையில் இல்லை. முதல் தடவை ஆசைக்கு வாங்கினார்கள், மறுதடவை வாங்கவில்லை. கறியைவிட விலை கூட, கறியைவிடக் கொஞ்சம் சுவை குறைவு, உடம்புக்கு நல்லதா என்பதும் சந்தேகம் என்றால் மறுபடி எதற்கு வாங்குவான்? தாவரத்தை நேரே தின்பதுதான் மலிவு, மாட்டுக்குப் போட்டுக் கறியாக்குவது வீண் என்று பிரவுன் சொன்னது இயற்பியலில் சரி. ஆனால் மாட்டிறைச்சி விற்பவனிடம் நூறு வருடமாகத் தேய்த்து மெருகேற்றிய அறுப்புக்கூடம், குளிர்வண்டி, அரசு ஆதரவு எல்லாம் இருக்கின்றன.

லேப்கோட்:

பருவநிலைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருடைய வாதத்தின் முதுகெலும்பு அதுதான். உலக வெப்ப வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடையிலிருந்து என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013இல் சொன்னது. பிரவுனும் ஐசனும் 2022இல் பிளாஸ் கிளைமேட் இதழில் இன்னும் மேலே போனார்கள். 15 வருடத்தில் கால்நடை வளர்ப்பை முழுக்க விட்டால் என்ன ஆகும் என்று மாதிரி போட்டுப் பார்த்தார்கள். மீத்தேன் காற்றில் பத்து வருடம் பக்கம்தான் தங்கும், வரத்து நின்றால் இருப்பு வேகமாக இறங்கும். மேய்ச்சல் நிலத்தில் காடு திரும்ப வந்தால் கார்பனை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் வெப்ப வாயு அளவு 30 வருடம் ஏறாமல் நிற்கும் என்றது முடிவு.

கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள், பிரவுனுக்குக் கம்பெனியில் பங்கு, ஐசன் அதன் ஆலோசகர். இதழ் அவர்களே தொடங்கிய அமைப்பினுடையது. வாயுக்களின் வேதியியலில் தவறில்லை. ஆனால் மேய்ச்சலைத் தவிர வேறு பிழைப்பு இல்லாத வறண்ட நிலத்து மக்கள் அந்த மாதிரியில் எங்கே என்ற கேள்வி நிற்கிறது. 15 வருடம் என்பதைக் கணக்குக்கு எடுத்த அனுமானமாகத்தான் படிக்க வேண்டும், நடக்கப் போவதாக அல்ல.

கடலைக்காடு:

புத்தகப்பூச்சி அண்ணே, உங்களிடம் ஒரு கேள்வி. மைக்ரோஅரே இயந்திரத்தைக் கட்டும் வழியை இலவசமாகக் கொடுத்தார், ஆய்வுக் கட்டுரையைப் பூட்டி வைக்காதே என்று 34,000 பேரைத் திரட்டினார். அதே ஆள் ஹீமுக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறார். உலகத்தைக் காப்பாற்றும் தொழில்நுட்பம் என்றால் அதைத்தானே முதலில் திறந்துவிட வேண்டும்? வேர்முடிச்சில் இருப்பதைக் கடலை போடுகிற எல்லா விவசாயியும் பார்த்திருக்கிறான்.

புத்தகப்பூச்சி:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி.

சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், காப்புரிமை வேர்முடிச்சின் மேல் இல்லை. ஹீம் புரதத்தை இன்னின்ன சர்க்கரை, கந்தகச் சேர்மங்களோடு கறிப் போலியில் சேர்த்துக் கறிச்சுவை வரவைப்பதன் மேல். கேட்க நியாயமாக இருந்தாலும், நடைமுறையில் பக்கத்துக் கம்பெனி ஹீம் போடவே பயப்படும்படி அகலமான வேலி. 2022 மார்ச்சில் மோட்டிஃப் ஃபுட்வொர்க்ஸ் மேல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் மாட்டு மயோகுளோபினை ஈஸ்ட்டில் எடுத்தவர்கள். அப்போது நாற்காலியில் இருந்தது பிரவுன்தான், மெக்கின்னஸ் மேல் பழி போட முடியாது. 2024இல் மோட்டிஃப் கடையைச் சாத்தியது, அதன் ஹீம் பகுதியை இம்பாசிபிளே வாங்கிக்கொண்டது.

அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. பிளாஸுக்கு அறக்கட்டளை காசு கொடுத்தது, லாபம் கேட்கவில்லை. நொதிக்கலன் தொழிற்சாலைக்கு எந்த அறக்கட்டளையும் 200 கோடி டாலர் தராது. முதலீட்டாளர் தருவார், வேலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தருவார். புரிகிறது என்பதற்காக ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு கம்பெனியால் 2035க்குள் உலகின் கறித் தொழிலை இடம்பெயர்க்க முடியாது என்பது அவருக்கே தெரிந்திருக்கும். நூறு கம்பெனிகள் வேண்டும். அந்த நூறையும் வர விடாமல் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொன்று. பிளாஸ் ஜெயித்ததற்கு நல்ல இதழ் நடத்தியது மட்டும் காரணமில்லை. 2008இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், எங்கள் காசில் செய்த ஆய்வைப் பப்மெட் சென்ட்ரலில் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மற்ற நிதி அமைப்புகளும் பின்னால் வந்தன. பக்கத்துக் கடை போட்டதும் ஒரு கை, மேலிருந்து வந்த உத்தரவு இன்னொரு கை. பர்கர் விஷயத்தில் பிரவுன் கடையை மட்டும் நம்பினார். மானியம், பள்ளி உணவுக் கொள்முதல், ராணுவக் கேன்டீன் என்று அரசைப் பிடித்து இழுக்கும் வேலையில் அவருக்கு ஆர்வமே இருந்த மாதிரி தெரியவில்லை.

சந்தைக்கணக்கு:

அரசைப் பிடித்திருந்தால் கறி லாபி இன்னும் முன்னதாகவே கழுத்தைப் பிடித்திருக்கும். வளர்ப்பு இறைச்சிக்கு புளோரிடாவில் 2024இல் தடையே போட்டுவிட்டார்கள். பேரைக்கூட 'பர்கர்' என்று வைக்கக் கூடாது என்று எத்தனை மாகாணங்களில் சட்டம் பேசினார்கள்! கடை போட்டதால்தான் இந்த அளவுக்காவது வந்தார்.

சந்தேகப்பேர்வழி:

இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். காப்புரிமை 20 வருடம்தான். முதல் விண்ணப்பங்கள் 2010களின் தொடக்கத்தில் போட்டவை. அப்படியென்றால் 2030களின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். அதன் பிறகு ஈஸ்ட் தொட்டி வைத்திருக்கும் எவரும் ஹீம் போடலாம்.

கடலைக்காடு:

அவர் வைத்த கெடு 2035. மிச்சம் இரண்டு மூன்று வருடம் இருக்கும் போலிருக்கிறதே!

பச்சையிலை:

அதுவரை வாழைக்காய் வறுவல்தான். செய்முறை கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்கு: சமையல் பிரிவில் போடுகிறேன், இங்கே போட்டால் நெறியாளர் திட்டுவார்.